புலியின் மூக்கில் ஒரு தையல்

திருச்சூர்
ஜூன் 18

மாட்சிமை பொருந்திய எல்சிச் சேச்சி அவர்களின் சமூகத்துக்கு,

நம் தேசமாகிய இந்த நாலு தெருவில் ஓணத்துக்கு உடம்பில் புலி வரைந்து ஆடும் புலிக்களிக் கமிட்டியின் சார்பிலும், நம் அப்பன் லோனப்பனின் டயர் ஒட்டும் கடையின் சார்பிலும், ப்ளஸ் ஒன் படிப்பதாக ஊரில் நம்பப்படும் லின்டோவாகிய என் சார்பிலும் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது யாதெனில்: நம் வீட்டு ஆடு புலியைத் தின்றுவிட்டது.

முழுப் புலியை அல்ல. அப்பன் வெயிலில் வைத்திருந்த முகமூடியின் தாடியையும் சிவப்புத் துணி நாக்கையும் மட்டும். ஆடு நலம். புலி கவலைக்கிடம்.

இத்துடன் நிறுத்திவிடலாம் என்றிருந்தேன். நம் இருவரையும் பெற்ற அம்மச்சி முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, மற்றதையும் எழுதுடா என்கிறாள். நீ போனில் பாதி கேட்டாய், மீதிப் பாதியில் அப்பன் ரிசீவரை வைத்துவிட்டார். அன்றிலிருந்து மணி அடித்தாலே கக்கூசுக்குப் போய்விடுகிறார். நீ அப்படி என்ன சொன்னாய்? "அவ என்னைப் பொணமாவே ஆக்கிட்டா" என்கிறார், அதற்கு மேல் சொல்வதில்லை.

நடந்தது இது. ஆட்டைத் துரத்திக்கொண்டு அப்பன் கிணற்றைச் சுற்றி ஓடினார். இரண்டாவது சுற்றில் ஆடு நிற்கவில்லை, அப்பன் நின்றார். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். உடம்பெல்லாம் வேர்வை. நான் பக்கத்தில் போய், "அப்பா, ஆடு ஜெயிச்சிடுச்சு" என்றேன். நான் ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிச் சொல்கிற மனுஷன் கையை மட்டும் ஆட்டி என்னைப் போகச் சொன்னார். வாயுத் தொல்லைதான் என்று சோடா குடித்தார். மறுநாள் கடையில் லாரி டயரைத் தூக்கும்போது மறுபடி வந்தது. ஆஸ்பத்திரியில் தொடை வழியாகக் குழாய் விட்டுப் படம் எடுத்தார்கள். இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற மூன்று பெரிய குழாய்களிலும் அடைப்பு. நம் தெரு நகராட்சிக் குழாயில்கூட அவ்வப்போது தண்ணீர் வருகிறது.

பெரிய டாக்டர் பைபாஸ்தான் என்றார். நெஞ்செலும்பை நடுவில் அறுத்துத் திறந்து, காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்து, அடைப்புகளைச் சுற்றிப் புது வழி போடுவது. சின்ன டாக்டர், அறுக்காமல் அடைப்புள்ள இடங்களில் கம்பிவலைக் குழல் வைத்து விரிக்கவும் முடியும், ஸ்டென்ட், ஆனால் சர்க்கரையும் மூன்று குழாய் அடைப்பும் உள்ள ஆளுக்கு நானும் பைபாஸைத்தான் சொல்வேன் என்றார். அப்பன் காதில் 'ஆனால்' வரைக்கும்தான் விழுந்தது.

எனக்குப் புரிந்தவரை: கோயிலைச் சுற்றின ரவுண்டு ரோட்டில் பூரத் திருவிழாக் கூட்டம் அடைத்துக்கொண்டால், போலீஸ்காரன் தடியால் கூட்டத்தை விலக்கி வழி பண்ணுவது ஸ்டென்ட். வண்டியைச் சந்து வழியாகச் சுற்றி அனுப்புவது பைபாஸ். சரியா? சரியென்றால் என்னை டாக்டர் லின்டோ என்று அழைக்கலாம்.

பைபாஸ் செய்தால் எலும்பு ஒட்ட மாசக்கணக்கில் ஆகுமாம். அதுவரை டயரும் தூக்கக்கூடாது, ஆட்டமும் கூடாது. ஓணமும் புலியாட்டமும் செப்டம்பரில் வருகின்றன. அப்பன் மனசில் ஓடுவது உனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
பெரும்புலவர் (புலி + அவர்) லின்டோ

* * *

மஸ்கட்
ஜூன் 30

அன்பு லின்டோ,

ஆட்டுக் கதையைப் படித்து டியூட்டி அறையில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்திலிருந்தவள் என்னவென்று கேட்டாள். சொல்வதற்குள் தாளைத் திருப்பினேன். அப்புறம் அவளுக்குச் சொல்லவில்லை.

போனில் சொன்னது இதுதான்: "நெஞ்சைக் கீறிக்க மாட்டீங்கன்னா, உங்க பொணத்தைப் பாக்கக்கூட நான் வரமாட்டேன்." சொல்லி முடிக்கும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதற்குள் அந்தப் பக்கம் வைத்தாயிற்று. நான் இருதய வார்டில் நர்ஸ் வேலை பார்க்கிறேன். பயம் எனக்குக் கோபமாகத்தான் வருகிறது. இதை அப்பனிடம் படித்துக் காட்டாதே. இல்லை, காட்டு. தெரியவில்லை, நீயே பார்த்துக்கொள்.

உன் போலீஸ்காரன் உவமை சரி. ஆனால் ஒன்று விட்டுவிட்டாய். போலீஸ் விலக்கிய இடத்துக்குப் பத்தடி தள்ளி மறுபடி கூட்டம் சேர்ந்தால்? சர்க்கரைக்காரர்களுக்கு அப்படித்தான் ஆகிறது. ஸ்டென்ட் வைத்த இடம் மட்டும்தான் திறந்திருக்கும். முன்னாலும் பின்னாலும் புதிது புதிதாக அடைக்கும். பைபாஸ் கெட்ட பாதை முழுவதையும் தாண்டிப் போய்ச் சேர்கிறது. நடுவில் எங்கே புதிதாக அடைத்தாலும் ரத்தம் போய்விடும்.

நான் பொய் சொல்லிப் பயமுறுத்தவில்லை என்பதற்காக இதையும் எழுதுகிறேன். பைபாஸுக்குப் போய் எழுந்திருக்காதவர்களை நான் பார்த்திருக்கிறேன். பக்கவாதம் வந்தவர்களை, தையல் சீழ் பிடித்து வாரக்கணக்கில் கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்பனுக்கு ஒரே ஒரு அடைப்பு, சர்க்கரை இல்லை என்றால் நானே ஸ்டென்ட் போதும், வீட்டுக்குப் போங்கள் என்றிருப்பேன். ஆனால் அப்பனைப் போன்றவர்களில், சில வருஷம் கழித்து உயிரோடு திரும்பி வந்து எங்களுக்கு மிட்டாய் கொடுப்பவர்களில் அறுத்துக்கொண்டவர்கள்தான் அதிகம். ஸ்டென்ட் வைத்தவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போகிறார்கள். சீக்கிரம் திரும்பியும் வருகிறார்கள்.

அப்பன் எதைச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். ட்யூப்பில் ஓட்டை என்றால் ஒட்டுப் போடுவேன், டயரையே மாற்றுவேனா என்பார். அப்போது இதைக் கேள்: ட்யூப் முழுக்க இற்றுப்போய் யாராவது கொண்டுவந்தால் ஒட்டுவாரா? "இத ஒட்டினா வழியிலயே உன்னைக் கவுத்துடும்" என்று முகத்தில் எறிவாரே, அதை நான் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறேன்.

அம்மச்சியைத் தூங்கச் சொல்.

எல்சி

* * *

திருச்சூர்
ஜூலை 15

எல்சிச் சேச்சி,

ட்யூப் கேள்வியைக் கேட்டேன். சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "இது உன் மூளை இல்ல. மஸ்கட்லேர்ந்து பார்சல் வந்த மூளை" என்றார். அப்புறம் சாப்பிடவில்லை. அந்த ஒரு ராத்திரி அவர் பைபாஸுக்கு ஒத்துக்கொள்வார் என்று அம்மச்சி நம்பினாள்.

காலையில் கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். யாரும் வற்புறுத்தவில்லை, அதுதான் மோசம். "உடம்புதான் முக்கியம் லோனப்பேட்டா, இந்த வருஷம் வேற வயிறு பாத்துக்கறோம்" என்றார்கள். தெக்கேத் தெருவில் ஒரு பேக்கரிக்காரனுக்கு நல்ல தொந்தியாம். அப்பன் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். அதுவரை இவர் வயிற்றில் வரைந்த புலிமுகம் குலுங்குவதைப் பார்க்கத்தான் ரவுண்டே கூடும் என்று நினைத்திருந்தவர், வயிறு ஊரில் வேறு கடையிலும் கிடைக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டார்.

அவர்கள் போனதும் சாயம் பூசுகிற ராகவேட்டனைக் கூப்பிட்டு, நெஞ்சில் தையல் இருந்தால் அதன் மேல் வரைய முடியுமா என்று கேட்டார். கண் ரெண்டும் மார்பில் வருகிறது, வாய் வயிற்றில் வருகிறது, நடுவில் மூக்குதான் என்று ராகவேட்டன் விரலால் காட்டினார். "தையல் நேரா மூக்கு வழியா ஓடும். புலி மாதிரி இருக்காது, தைச்ச சாக்கு மாதிரி இருக்கும்" என்றார். அவர் கிண்டலாகச் சொன்னார். அப்பன் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்.

ஆகவே ஸ்டென்ட். மூன்று குழாய்க்கும் வைத்தாயிற்று. பெரிய டாக்டர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி, அப்பன் சொந்தப் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டு, சின்ன டாக்டர் செய்தார். நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார். தொடையில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். தெருவில் எல்லோருக்கும் வேட்டியை விலக்கி அந்தப் புள்ளியைக் காட்டுகிறார். அம்மச்சி தலையில் அடித்துக்கொள்கிறாள்.

ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஒரு வருஷத்துக்கு ஒரு நாள்கூட விடக்கூடாது என்று சின்ன டாக்டர் மூன்று முறை சொன்னார். அந்தப் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. கவலையை விடு. மிருகக்காட்சி சாலையில் சிங்கத்துக்கு மருந்து கொடுக்கிறவனைப் போல் தினமும் அப்பன் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி, அடியில் ஒளித்திருக்கிறாரா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறேன். உங்கள் ஆஸ்பத்திரியில் இப்படி ஒரு ஆள் உண்டா?

இப்படிக்கு,
மாத்திரைப் புலி லின்டோ

* * *

மஸ்கட்
ஜூலை 27

லின்டோ,

கோபப்பட்டு எழுதிய ஒரு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஆனது ஆகிவிட்டது. இனி ஸ்டென்டைக் குறை சொல்லிப் பயனில்லை, அதைக் காப்பாற்ற வேண்டும்.

ஒன்றை நன்றாகப் புரிந்துகொள். உள்ளே இருப்பது வெறும் கம்பி. அதன் மேல் உடம்பு தன் தோலைப் போர்த்துகிறவரை, ரத்தத்துக்கு அது அந்நியன். கண்டதும் கட்டியாகிவிடும். அந்த இரண்டு மாத்திரைதான் தடுக்கிறது. மாத்திரை நின்றால் பழைய அடைப்பு மாதிரி மெதுவாக அடைக்காது, ஒரே மூச்சில் அடைக்கும். அப்பனுக்கு மூன்று குழாயிலும் கம்பி இருக்கிறது. பல் பிடுங்கினாலும், காயம் பட்டாலும், எவன் வந்து சொன்னாலும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது.

நாக்கைத் தூக்கிப் பார்க்கிறாய் என்று படித்ததும் எனக்குத் தைரியம் வந்தது. நிஜமாகச் சொல்கிறேன். வீட்டில் ஒருவனாவது இருக்கிறானே என்று. விடாதே.

அப்பன் என்னைப் பற்றிக் கேட்டாரா? கேட்கவில்லை என்றால் கேட்டார் என்று எழுத வேண்டாம்.

எல்சி

* * *

திருச்சூர்
ஆகஸ்ட் 25

எல்சிச் சேச்சி,

கேட்கவில்லை. ஆனால் நீ அனுப்பிய துண்டைத்தான் கடைக்குத் தோளில் போட்டுக்கொண்டு போகிறார். இது என் சொந்தச் சேர்ப்பு அல்ல.

செய்திகள்: புலிக்குப் புதுத் தாடி வந்துவிட்டது. ஆட்டைக் கட்டிவைத்திருக்கிறோம். இந்த வருஷம் நானும் ஆடுகிறேன், குட்டிச் சிறுத்தை. ஒல்லி உடம்புக்குச் சிறுத்தைதான் வருமாம். அப்பனும் மகனும் ஒரே அணியில் ரவுண்டில் இறங்குவது நம் தேசத்தில் இதுவே முதல் முறை.

ஒரு சின்னத் தொல்லை. குட்டப்பன் சவரக்கடையில் அப்பனுக்கு முகம் மழிக்கும்போது தாடையில் லேசாகக் கீறிவிட்டது. ரத்தம் நிற்கவே இல்லை. படிகாரம் வைத்து, துண்டை வைத்து, அப்பனும் குட்டப்பனும் மாறி மாறி அமுக்கி, கடையே பன்றி அறுத்த இடம் மாதிரி ஆகிவிட்டது. "ஆட்டத்துக்கு முந்தின நாள் உங்க உடம்பு முழுக்க மழிக்கணும் லோனப்பேட்டா. இந்த ரத்தத்தோட எப்படி மழிக்கறது?" என்று குட்டப்பன் கேட்டாராம். ராகவேட்டனும், ஈரத்தில் வார்னிஷ் பிடிக்காது, கசிகிற கீறலில் எனாமல் சாயம் இறங்கினால் புண்ணாகும் என்றாராம். அப்பன் இரண்டு நாளாக யோசனையாகவே இருக்கிறார். புலி யோசிப்பதை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

மாத்திரை? டார்ச் வெளிச்சத்தில் தினசரி நாக்குச் சோதனை நடந்துகொண்டிருக்கிறது. என் காவலைத் தாண்டி ஒரு ஈ பறக்காது.

இப்படிக்கு,
குட்டிச் சிறுத்தை

* * *

மஸ்கட்
செப்டம்பர் 3

லின்டோ,

இன்று கிடைத்தது. உடனே எழுதுகிறேன்.

அப்பன் யோசிப்பது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. மழிக்கிற நாளுக்காக மாத்திரையை நிறுத்தப் பார்ப்பார். நிறுத்தவிடாதே. குட்டப்பனிடம் நீயே போய்ச் சொல், இந்த வருஷம் அப்பன் உடம்பில் கத்தி வைக்கக்கூடாது என்று. ராகவேட்டனிடமும் சொல். மயிரோடு ஒரு புலி ஆடினால் என்ன, காட்டுப் புலிக்கு மயிர் இல்லையா?

மூன்று தடவை போன் செய்தேன். யாரும் எடுக்கவில்லை. ஓணக் கடைகளுக்குப் போயிருப்பீர்கள். நாளையும் செய்கிறேன்.

நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன் என்று அப்பனிடம் சொல். ஆடட்டும், ஆட்டத்தைக்கூட நான் தடுக்கவில்லை. மாத்திரை மட்டும்.

எல்சி

* * *

திருச்சூர்
செப்டம்பர் 26

சேச்சி,

இதில் அறிவிப்பு எதுவும் இல்லை.

உன் கடைசிக் கடிதம் ஓண விடுமுறையெல்லாம் முடிந்து வந்தது, நம் வீட்டுப் போனும் அதுவரை செத்துக் கிடந்தது. அப்போது அப்பன் ஐ.சி.யூ.வில் இருந்தார். பக்கத்து வீட்டு ஜோசங்கிள் போனில் உனக்குச் சொன்னது நடந்தது மட்டும். எப்படி நடந்தது என்று நீ கேட்டாயாம். நீ ஐந்தாம் தேதி வருவதற்குள் இது உன் கையில் இருக்க வேண்டும் என்று, நாளை மஸ்கட் திரும்புகிற சைமேட்டனிடம் கொடுத்தனுப்புகிறேன். நேரில் என்னால் சொல்ல முடியாது.

ஆட்டத்துக்கு முந்தின நாள் குட்டப்பன் அப்பன் உடம்பு முழுக்க மழித்தார். கழுத்து, மார்பு, வயிறு, முதுகு. ஒரு துளி ரத்தம் வரவில்லை. "பாத்தியா, தோல் பழையபடி ஆயிடுச்சு" என்று குட்டப்பன் என் முதுகில் தட்டினார். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். போன மாசம் நிற்காத ரத்தம் இப்போது ஏன் வரவே இல்லை என்று எனக்குத் தோன்றவில்லை.

விடியற்காலையிலிருந்து, சாயம் கலையாமலிருக்க, குறுக்குக் கழியில் கைகளைப் போட்டுக்கொண்டு அப்பன் நின்றார். ராகவேட்டன் வரைந்தார். பூசிய பிறகு ஒன்றுக்குப் போக முடியாது என்று வழக்கம்போல் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாயங்காலம் ரவுண்டில் இறங்கினோம். செண்டை மேளம் வேகமெடுத்ததும் வயிறு குலுங்க ஆரம்பித்தது, புலி வாயைத் திறந்து மூடியது. நீ பார்த்த எந்த வருஷத்தையும் விட இந்த வருஷம் நன்றாக இருந்தது சேச்சி. அதையும் எழுதத்தான் வேண்டும்.

பிறகு அப்பன் முன்னால் குனிந்தார். பதுங்குகிற அடவு என்று கூட்டம் கை தட்டியது. முட்டி போட்டார், இன்னும் பலமாகத் தட்டினார்கள். தரையில் சாய்ந்தார். கொட்டுகிறவர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். சிறுத்தை முகமூடியின் ஓட்டை வழியாக எனக்கு அவர் கை மட்டும் தெரிந்தது. விளையாடுகிறார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன். காலால் லேசாக இடித்து, "அப்பா, எழுந்திரு, நடுவர் பாக்கறாங்க" என்றேன்.

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. ஒட்டுகிற வில்லைகள் வார்னிஷில் ஒட்டவில்லை. நர்ஸ் அழுத்த அழுத்த வழுக்கி விழுந்தது. மிஷினில் கோடே வரவில்லை. மண்ணெண்ணெய் கொண்டு வா என்று யாரோ கத்தினார்கள். எங்களை ஏற்றிவந்த வண்டிக்காரன் கொண்டுவந்தான். நானும் ராகவேட்டனும் துணியால் தேய்த்தோம். முதலில் புலியின் கண்கள் போயின, அப்புறம் மூக்கு. மஞ்சளும் கருப்பும் அப்பன் அக்குள் வழியாகப் படுக்கையில் வடிந்தன. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் இன்னும் சிறுத்தைப் புள்ளிகளோடு இருந்தேன்.

ஸ்டென்டுகளில் ரத்தம் கட்டியிருந்தது. சின்ன டாக்டர் குழாய் விட்டுத் திறக்கப் பார்த்தார், முடியவில்லை. பெரிய டாக்டர் அன்றைக்கே நெஞ்சைத் திறந்தார். ஜூனில் சொன்ன அதே பைபாஸ். வயிற்றில் புலியின் வாய் அழியாமல் இருந்தபடியே உள்ளே கொண்டுபோனார்கள்.

இப்போது வார்டில் இருக்கிறார். இருதயத்தில் பெரிய பகுதி செத்துவிட்டது, கால்வாசிதான் வேலை செய்கிறது என்கிறார் டாக்டர். வாசல்வரை நடந்தால் அதிகமாம். எத்தனை காலம் என்று அம்மச்சி கேட்டதற்கு, ஒவ்வொரு நாளாகப் பார்க்கலாம் என்றார். என் பழைய உவமையில் சொல்வதானால், சந்து வழியை நன்றாகத்தான் போட்டிருக்கிறார்கள், அது போய்ச் சேர வேண்டிய ஊர்தான் பாதி எரிந்துவிட்டது. வயிறு வற்றித் தோல் மடிந்து தொங்குகிறது. தொப்புளில் கொஞ்சம் மஞ்சள் இருக்கிறது, எப்படித் துடைத்தாலும் போகவில்லை. கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். யாரும் போர்வைக்குக் கீழே பார்க்கவில்லை.

நேற்று அப்பன் உன்னைப் பற்றிக் கேட்டார். கேட்டார் என்று பொய் எழுதவில்லை. மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்: "எல்சிக்கு எழுது. கீறியாச்சுன்னு எழுது. இனி அவ வரலாம்."

அப்புறம் இது. மாத்திரையை எப்போது நிறுத்தினார், யார் பார்த்துக்கொண்டது என்று பெரிய டாக்டர் எல்லோர் முன்னாலும் கேட்டார். நான் ஜன்னலோரம் நின்றிருந்தேன். மழிக்கிறதுக்கு ஒரு வாரம் முன்னால் நிறுத்தியதாக அப்பனே ஒப்புக்கொண்டார். பிறகு என் பக்கம் கையைக் காட்டினார். "பையன் தினம் வாயைத் தொறந்து நாக்கைத் தூக்கிப் பாப்பான் சார். நாந்தான் கள்ளன். அவனை ஏமாத்திட்டேன்" என்றார். டாக்டர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

சேச்சி, டார்ச்சே கிடையாது. நம் டார்ச்சில் பேட்டரி போய் வருஷமாகிறது. நாக்கைத் தூக்கச் சொன்னது ஒரே ஒரு நாள், முதல் நாள். அப்பன் வாயைத் திறந்து என் முகத்தில் உறுமினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன், நாக்குக்கு அடியில் பார்க்கவே இல்லை. மற்ற நாளெல்லாம் சைக்கிளில் ஒரு காலைப் போட்டுக்கொண்டே "அப்பா, மாத்திரை?" என்பேன். உள்ளேயிருந்து "ஆச்சு" என்பார். அவ்வளவுதான் என் காவல். மீதியெல்லாம் உனக்கு எழுதும்போது நன்றாக வந்ததால் எழுதியது. அந்த ஒரு நாளைத்தான் அப்பன் டாக்டரிடம் தினமும் என்று ஆக்கிவிட்டார்.

வந்ததும் என்னை அடி. அப்பன் எதிரில் மட்டும் வேண்டாம். நான் அடி வாங்குவதைப் பார்த்தால் சிரிப்பார். சிரித்தால் தையல் வலிக்கிறதாம்.

லின்டோ